எடைமேடை லீக்

தாழையூத்துக்கு வடக்கே நாற்கரச் சாலையோரம்
அறுபது டன் எடைமேடைக்கு
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
காவல், கணக்கு, பில், எல்லாம் நான்தான்.
லாரி வராத நேரத்தில் அதே கணினியில்
ரசீதுக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் லீக் ஓடுகிறது.
எட்டு அணி. எண்பத்தெட்டுப் பேர்.
ஒருவனுக்கும் நிழல் விழாது.

ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்வேன்.
பிறகு கணினி எதையோ உள்ளே உருட்டி
பந்துக்குப் பந்து சொல்லும்:
நான்கு, பூஜ்யம், ஒன்று, அவுட்.
மழை கிடையாது. கரண்ட் போனால்தான் ஆட்டம் நிற்கும்.

வள்ளியூர் அணி எஸ்தாக்கிக்குச் சராசரி ஐம்பத்தாறு.
இரண்டு ராத்திரி யோசித்துப் போட்டது.
இடது கை, உவரிப் பக்கம்,
உப்புக்காற்றில் செம்பட்டை ஏறிய முடி என்று
எனக்குள் ஒரு உருவமே இருந்தது.
முதல் ஏழு ஆட்டத்தில் முப்பத்தொரு ரன்.

ஜல்லி அடிக்கும் ஜெபத்துரை
வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்:
"என்னவே, அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியோ?"
உடம்பே இல்லாதவனுக்கு என்ன காய்ச்சலைச் சொல்ல?
"தோள்பட்டைல வலி அண்ணாச்சி" என்றேன்.
சொன்ன பிறகு எனக்கே பாவமாகப் போயிற்று.

சேரன்மாதேவிக்கு ஆள் பத்துதான் தேறியிருந்தது.
மணி மூன்றரை, கொட்டாவி.
மேசையில் கிடந்த ரசீதில் டிரைவர் பெயர் குற்றாலிங்கம்.
அதையே பதினொன்றாவதாக அடித்தேன்.
சராசரி: ஒன்பது.
ஒன்பதே அதிகம் என்றுதான் பட்டது.

முதல் ஆட்டம் நாற்பத்து நான்கு. சரி, ஒருநாள் கூத்து.
அடுத்தது எழுபது.
கங்கைகொண்டானுக்கு எதிராக, ஒன்பது விக்கெட் போன பிறகு,
தனியாக நின்று எண்பத்தொன்று.
சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன்;
ஒன்பது, ஒன்பதாகவே இருந்தது.
"ஒனக்குச் சொந்தக்காரனோ?" என்றார் ஜெபத்துரை.
"பதினெட்டு டன்னுன்னு சொல்லி
இருபத்திமூணு ஏத்திட்டு வாரீரே, அது மாதிரிதான்" என்றேன்.
ரசீதை மடித்துப் பையில் வைத்தார், பேச்சில்லை.

கடைசி வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை.
வள்ளியூர் ஏற்கெனவே வெளியே, ஒப்புக்கு ஒரு ஆட்டம்.
எஸ்தாக்கி அடிக்கத் தொடங்கினான்.
அம்பது. எழுபது. தொண்ணூறு.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.
மூன்று லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது.
நூற்றுமூன்று என்று வந்தது,
கரண்ட் போயிற்று.
பழைய பேட்டரி ஒரு தரம் கீச்சென்றது, அவ்வளவுதான்.

சேமிக்கவில்லை.
விடியுமுன் அதே ஆட்டத்தை மறுபடி ஓட்டினேன்:
எஸ்தாக்கி, இரண்டாவது பந்து, பூஜ்யம்.
கையால் மாற்றி எழுதலாம். கேட்க ஆளில்லை.
விரலை விசை மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு அப்படியே விட்டேன்.
வருஷக் கணக்கில் அவன் பெயருக்கு நேரே நூற்றெண்பத்தெட்டு.
அந்தச் சதத்துக்கு நான் ஒருவன்தான் ஜனம்.

குற்றாலிங்கம்: பதினாலு ஆட்டம், அறுநூற்றிரண்டு.
அடுத்த வருஷத்துக்கு அவனுக்கு என்ன எண் போட?
நாற்பது போட்டால் விழுவான்.
ஒன்பதே போட்டால் அவமானம்.
கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நேற்று ஒரு தென்காசி வண்டி, செங்கல் லோடு.
பெயர் கேட்டேன்.
"குற்றாலிங்கம்."
ஒல்லி. கணுக்கையில் கறுப்புக் கயிறு.
கிரீஸ் ஒட்டிய விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டிருந்தார்.
எதையும் சொல்லவில்லை நான்.
"ஆள் எறங்கணும்" என்றேன்.
கதவைச் சாத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினார்,
திரையில் அறுபது கிலோ குறைந்தது.
அந்த அறுபதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்ளோ நேரம்வே பாப்பீரு?
அம்பதுக்குச் சில்லறை இருக்கா, இல்லியா?"